மஞ்சள் துணியில் ஒரு கால் ஃபார்திங்

கிட்ட வாருங்கள், பிள்ளைகளே. அந்த யன்னலோரம் குளிரும், இந்த ஹீற்றர் பக்கமாகத் தள்ளி இருங்கள். தேத்தண்ணீரை ஆறவைத்துத் தரலாம், கதையை அப்படித் தர முடியாது. இது மீனாம்பிகையின் கோபக் கதை, சுடச்சுடத்தான் தருவேன். நடுவில் யாரும் "பாவம், மருமகனும் நல்லவன்தானே" என்று குறுக்கே கதைக்கக் கூடாது. அவன் நல்லவன்தான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்லவன் செய்த வேலைதான் இவ்வளவும்.

மொன்றியல் நகரத்து லாசாலில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். வெளியே சித்திரை மாதத்துப் பனி கரைந்து சேறும் உப்புமாகக் கிடந்தது. உள்ளே நாணயம் சேர்க்கிறவர்களின் சங்கம் வருடாந்தக் கண்காட்சி வைத்திருந்தது. நீள நீளமான மேசைகள், மேசைக்கு மேசை கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு மடக்குக் கதிரை, கதிரையில் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஒரு கிழவர். கோப்பி மணமும், காயாத கம்பளிச் சட்டை மணமும், எத்தனையோ பேருடைய கைபட்டுப் பழுத்த செம்பின் மணமும் ஒன்றாகக் கலந்து அடித்தன. மீனாம்பிகை தன் தடித்த குளிர்ச் சட்டையைக் கழற்றாமலே மகள் தக்ஷினியின் பின்னால் நடந்தாள். பக்கத்தில் அக்னெஸ் வந்தாள். அக்னெஸ் மன்னார்க்காரி, செயின்ட்-மிஷேலில் இவர்களுடைய மாடிக்குக் கீழ் மாடி, வாய் சும்மா இருக்காத பெண்.

"இவ்வளவு பேரும் செல்லாக் காசைப் பாக்கவோ வந்தவை?" என்றாள் அக்னெஸ். "செல்லிற காசைப் பாக்கக் கூப்பிட்டா நானும் தினமும் வருவன்."

மருமகன் சுபாஸ்கரன் பெட்டியின் பின்னால் நின்றான். செயின்ட்-லோரன்ட்டில் ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வியர்த்துக்கொண்டு நின்றான். "மாமிக்கு ஒரு சாமான் காட்டவேணும், கட்டாயம் கூட்டிக்கொண்டு வா" என்று மனைவியிடம் ஒரு கிழமையாகச் சொல்லிவந்தவன் அவன்தான். நேரே மாமியிடம் சொல்லவில்லை. மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்தில் மீனாம்பிகை வளர்ந்த வீட்டு வழக்கம் அது. மாமி மருமகனுடன் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அவன் கூடத்துக்கு வந்தால் இவள் குசினிக்குப் போய்விடுவாள். சாப்பாடு போதுமா என்று கேட்பதென்றாலும் மகளிடம்தான் கேட்பாள், அவன் பதிலை மகளுக்குத்தான் சொல்வான், மூன்று பேரும் ஒரே மேசைக்கு இரண்டு முழத்துக்குள் இருந்தாலும். மொன்றியலுக்கு வந்து, ஒரே மாடியில் ஒரே குளியலறையைப் பங்குபோட்டு வாழ்ந்தும், தக்ஷினிக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த முறையை அவள் விடவில்லை. அது வெறுப்பல்ல, மரியாதை. அவனுக்கும் அது தெரியும்.

பெட்டிக்குள் நீல வெல்வெற்றுத் துணி. அதன்மேல் செப்புக் காசுகள் வரிசையாக இருந்தன. நடுவில் மட்டும் ஒரு சின்ன மேடை கட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் கூட்டுக்குள் ஒரு காசை வைத்து, மேலே சின்ன விளக்கும் பொருத்தியிருந்தான். குளிர்ச் சட்டைப் பொத்தானளவுகூட இராத காசு.

"அக்னெஸ் அக்கா, இதப் பாருங்க," என்றான் சுபாஸ்கரன். மாமிக்குச் சொல்லவேண்டியதை அவன் அக்னெஸுக்குச் சொன்னான். "பெறுமதியில வெள்ளைக்காரன் இதவிடச் சின்னனா ஒரு காசு அடிக்கவே இல்ல. ஒரு பென்னிய நாலாப் பிரிச்சா ஃபார்திங். அந்த ஃபார்திங்கையும் நாலாப் பிரிச்சா இது. கால் ஃபார்திங். லண்டன்ல அடிச்சிக் கப்பல்ல ஏத்தினது, இங்கிலாந்துச் சனத்துக்கு இல்ல, இலங்கைக்கு எண்டே அடிச்சது. ஆயிரத்தி எண்ணூத்தி முப்பத்தொம்பது எண்டு போட்டிரிக்கி, பாருங்க."

"ஏன், எங்கட சனத்துக்கு ஃபார்திங் காணாதாமோ?"

"கூடிப்போச்சு அக்கா. எங்கட ஆக்களுக்குக் கிடைச்ச கூலிக்கும், கடையில வாங்கின சாமானுக்கும் ஃபார்திங்கே பெரிய காசு. முதல்ல அரை ஃபார்திங் அடிச்சான். அதுவும் பெரிசாப் போக, இதையும் அடிச்சான்."

"அப்ப எங்கட வயித்தை அளந்து பாத்துத்தான் அடிச்சிருக்கிறான்," என்றாள் அக்னெஸ். "நல்ல மரியாதை தந்தவங்கள். அதை நீ விளக்குப் போட்டு வேற காட்டுறாய்."

சுபாஸ்கரன் சிரித்தான். அவனுக்கு அந்தச் சொல் உறைக்கவில்லை, காசு நிறைந்த கண்களுடன் நின்றான். தேய்ந்து போனதென்றால் இதற்குப் பெரிய விலை இல்லை என்றான். சேர்க்கிறவர்கள் தேடுவது கைபடாத காசைத்தான் என்றான். இது கடை கண்ணிக்குப் போகவே இல்லை, காசில் பொறித்த ராணியின் பின்னல்கூட அழியவில்லை, அடித்த நாளின் செந்நிறம் எழுத்துகளின் இடுக்கில் இன்னும் கிடக்கிறது என்றான். "ஒரு ஓரத்தில மட்டும் மஞ்சள் ஏறியிருந்த. புளி போட்டுத் தேச்சிருந்தா விலையும் போயிரிக்கும், காசும் செத்திரிக்கும். நான் ஒலிவ் எண்ணெயில ஊறப்போட்டு, மெல்லமாத்தான் எடுத்த நான்."

மஞ்சள் என்ற சொல்லில் மீனாம்பிகை குனிந்தாள். மூக்கு கண்ணாடியில் படுமட்டும் குனிந்தாள். கிரீடம், அதற்குக் கீழே எழுத்து, எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன ரோசாப்பூ. பூவின் இடப்பக்கம் இன்னும் அகலாத ஒரு மஞ்சள் கோடு.

"புள்ள," என்றாள் மகளிடம், நிமிராமல். "அவருக்கிட்டக் கேளு, இந்தக் காசு எங்கால வந்த?"

தக்ஷினி பக்கத்துப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுபாஸ்கரன் தாங்கமாட்டாமல் தானே சொன்னான்: "உங்கட காசுதான் மாமி! சாமிப் படத்துக்கு முன்னால முடிச்சில கிடந்தது. கீழ பாருங்க, உங்கட பேரும் போட்டிரிக்கன்." பெட்டியின் அடியில் ஓர் அட்டை. மீனாம்பிகை குடும்பத்துச் சேகரிப்பு என்று பிரெஞ்சில் அழகாக அச்சடித்திருந்தான்.

அந்த முடிச்சைப் பற்றி நான் சொல்லவேண்டும், பிள்ளைகளே. தொண்ணூறாம் ஆண்டு, ஊரே ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அகதியாக ஒதுங்கிக் கிடந்தபோது, மீனாம்பிகையின் தம்பி கதிர்காமத்தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். மீசை சரியாக அரும்பாத வயது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அன்றே அவள் அதே பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தலைமுழுகி, ஈரத்துணியோடு நின்று, மஞ்சளில் தோய்த்த துண்டில் ஒரு காசை முடிந்து கண்ணகை அம்மனுக்கு நேர்ந்தாள். தம்பி திரும்பி வந்தால் அவன் கையாலேயே அந்தக் காசை உண்டியலில் போடுவிப்பேன் என்பது நேர்த்தி. முடிந்து வைக்க அவளிடம் வேறு காசும் இருந்தது. தாய் காசு போட்டுவைத்த ஓலைக் கொட்டைப்பெட்டியின் அடியில் தலைமுறையாகக் கிடந்த இந்தச் சின்னக் காசைத்தான் தேடி எடுத்தாள். ஏன் தெரியுமா? அதற்கு எந்தக் கடையிலும் ஒன்றும் வாங்க முடியாது. ஒன்றும் வாங்க முடியாத காசை எவன் எடுப்பான்? பசி வந்தாலும் தன் கையே அதை அவிழ்க்காது. அப்படி யோசித்துத்தான் அதை முடிந்துவைத்தாள்.

நேர்ந்த காசு முடிச்சுக்குள் இருக்குமட்டும் கேட்டது கேட்டபடி நிற்கும். வேண்டுதல் நிறைவேறினால் அவிழ்க்கலாம். அல்லது, அவன் இனி இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டால் அவிழ்க்கலாம். வேறு காரணத்துக்கு அவிழ்ப்பதில்லை. கணவனைப் புதைத்தபோதும், கைக்குழந்தை தக்ஷினியோடு லொறியில் ஏறியபோதும், விமானத்தில் ஏறியபோதும் அந்த முடிச்சு அவள் இடுப்பில் இருந்தது. செயின்ட்-மிஷேலில் சாமிப் படத்துக்கு முன்னால் ஓர் ஆணியில் தொங்கவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றி, விரல் நுனியால் அதைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவ்வளவுதான். சத்தம்போட்டு அழுகிற பெண் அல்ல.

மண்டபத்தில் மீனாம்பிகை மெல்ல நிமிர்ந்தாள். "அப்ப வீட்டில தொங்குறது என்ன?" என்றாள். மகளைப் பார்த்துக் கேட்கவில்லை. மருமகனின் முகத்தை நேரே பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவனிடமே கேட்டாள்.

சுபாஸ்கரன் ஓரடி பின்வாங்கினான். "போன வருசம் சுவருக்குப் பெயின்ற் அடிக்கக்குள்ள கழட்டின நான் மாமி. கையில சின்னனா வட்டமாத் தட்டுப்பட்டிச்சு. சும்மா பாப்பம் எண்டுதான்... இந்தக் காச நான் எத்தின வருசமாத் தேடித் திரிஞ்ச நான் தெரியுமா? உள்ளுக்குப் பச்சை பிடிக்கத் தொடங்கியிரிந்த. அப்படியே விட்டிருந்தா அழிஞ்சிரிக்கும். அதுக்குப் பதிலா வேற ஒரு காசு வெச்சி, அதே மாதிரிக் கட்டித்தான் விட்டன்."

"என்ன காசு?"

"பத்துச் சதம்." பிறகு, அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "கடவுளுக்கு எந்தக் காசெண்டா என்ன மாமி?" என்றான்.

உள்ளங்கையால் அவள் கண்ணாடியில் அறைந்தாள். மண்டபம் முழுதும் திரும்பியது. காசுகள் வெல்வெற்றில் துள்ளிச் சரிந்தன.

"ஒரு வருசமா நான் எதக் கும்பிட்டன்? தொடக்குள்ள பெரிசாத் தெரிஞ்சிச்சு. என்ட விரல்தான் மரத்துப் போயிட்டு எண்டு நினைச்சன். பக்டரியில மாத்திரைப் பெட்டி அடைச்சி அடைச்சிக் கை செத்துப்போயிட்டு எண்டு டொக்டருக்கிட்டயும் போய்க் காட்டின நான். நீ பாத்துக்கொண்டுதானே இரிந்த? கார்ல ஏத்திக்கொண்டு போனது நீதானே?"

நீ என்றாள். தக்ஷினி "அம்மா" என்று கையைப் பிடித்தாள். மீனாம்பிகை அந்தக் கையை உதறினாள்.

"ரோட்டில ஆமிச் சென்றிக்குச் சென்றி லொறியால இறக்கிச் சோதிச்சவன். சீலையையும் உதறிப் பாத்தவன். இது சாமிக்கு முடிஞ்சது எண்டு சொன்ன உடன, துவக்கு வெச்சிரிந்த ஆமிக்காரனும் தொடாம விட்டவன். நான் ஆக்கின சோத்தத் திண்டுபோட்டு, நீ அவுத்த."

"இது வரலாறு மாமி," என்றான் சுபாஸ்கரன். "நாலு சனம் பாக்கவேணும் எண்டுதானே... விக்கவா போறன்? ஒருத்தர் கேட்டும் குடுக்கல்ல."

"கேட்டும் விட்டாங்களோ?" என்றாள் அக்னெஸ். அவளுடைய பகிடி எங்கோ போய்விட்டிருந்தது. "கோயிலுக்கு நேந்துவிட்ட ஆட்டை மேயவிட்டு, தொடையைத் தடவிப் பாத்திருக்கிறாய் மோனே. வெட்டயில்லை எண்டு பெருமை வேற பேசுறாய். எங்கட மடு மாதாவுக்கு முடிஞ்சு வைச்சதைத் தொட்டிருந்தா, உன்ர கையை நானே முறிச்சிருப்பன்."

சங்கத் தலைவர் வந்தார். வெள்ளைத் தாடி, கழுத்துப்பட்டி, கையில் திறப்புக்கோர்வை. கண்காட்சி முடியும்வரைக்கும் பெட்டிகளைத் திறப்பதில்லை, அது விதி என்று சுபாஸ்கரனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு மீனாம்பிகையைப் பார்த்து, மடாம், இது உங்களுடையதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

தொழிற்சாலைப் பிரெஞ்சு அவளுக்கு இருந்தது. "பா ஆ முவா," என்றாள். மருமகனைக் காட்டி, "பா ஆ லுயி." எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. அதற்குமேல் அந்த மொழியில் சொல் இல்லாமல் நின்றாள்.

"ஆ லா வியேர்ஜ், முசியே," என்றாள் அக்னெஸ் குறுக்கே. மாதாவுக்கு உரியது. பிடிபட்டுப் போன தம்பி ஒருவனுக்காக நேர்ந்தது என்று தெரிந்த பிரெஞ்சில் தட்டித் தடவிச் சொன்னாள். அம்மனை மாதாவாக்கியதற்கு அவள் பிறகு மன்னிப்புக் கேட்கவும் இல்லை, மீனாம்பிகை அதைக் குறையாக எடுக்கவும் இல்லை. கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நேர்ந்து வைத்த பொருளை அவருடைய தாயும் எங்கேனும் ஒரு பீடத்தில் வைத்திருப்பாளோ என்னவோ. மறுபேச்சில்லாமல் பெட்டியைத் திறந்து, பிளாஸ்ரிக் கூட்டோடு காசை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

கூடு இறுகப் பூட்டியிருந்தது. நகத்தால் முடியவில்லை. அதை நிலத்தில் வைத்து, குளிர்ச் சப்பாத்தின் குதியால் மிதித்தாள். வெடித்தது. குனிந்து காசைப் பொறுக்கினாள்.

"மாமி, கையால தொடாதிங்க! விரல் அடையாளம் விழும்!"

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, பிள்ளைகளே. பழக்கத்தில் வாயிலிருந்து விழுந்த சொல். விழுந்தவுடன் அவனே வாயைப் பொத்தினான். மீனாம்பிகை அவனைப் பார்த்தபடியே, ராணியின் முகத்தில் பெருவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். திருப்பி, ரோசாப்பூவிலும் தேய்த்தாள். பிறகு வலக்கையைப் பொத்திக்கொண்டாள்.

சுபாஸ்கரன் காரை ஓட்டினான், தக்ஷினி அவன் பக்கத்தில் முன்னிருக்கையில் இருந்தாள். சேற்றை வாரியடித்துக்கொண்டு லொறிகள் கடந்தன. பொத்திய கையோடு அவளால் இருக்கைப் பட்டியைப் போட முடியவில்லை. பக்கத்தில் இருந்த அக்னெஸ் எட்டிப் போட்டுவிட்டாள். பாதி வழியில்தான் மீனாம்பிகை முன்னிருக்கையின் பின்புறத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒனக்கும் தெரியுமா புள்ள?"

தக்ஷினி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"அவர் கழட்டின அண்டைக்கே காட்டினவர். நான்தான் சொன்ன நான், அம்மாக்குச் சொல்லாதிங்க எண்டு." திரும்பாமலே சொன்னாள்: "மாமா வரமாட்டார் அம்மா. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆரு வந்தாங்க? ஒங்களுக்கும் அது தெரியும்."

"எனக்குத் தெரியும் எண்டு ஆரு ஒனக்குச் சொன்ன?"

"வெள்ளிக்கிழமை வந்தா நீங்க மரக்கறி, நாங்களும் மரக்கறி. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இந்த வீட்டில ஒரு ஆளுக்காகக் கதவு திறந்தபடி கிடக்கு. எனக்குக் குளிருது அம்மா." தக்ஷினியும் கோபத்தில்தான் இருந்தாள். பகலெல்லாம் கார்தெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் மற்றவர்களுடைய பிள்ளைகளைத் தூக்கி ஆற்றுகிற அந்த மென்மையான குரலுக்குள் இத்தனை காலத்துக் கோபம் இருந்தது. "நான் செத்திரிக்கன், அவர் செத்திரிக்கார் எண்டு நினைச்சிப் பாருங்க. எங்களுக்காக இப்படி ஒரு முடிச்சுப் போடுவிங்களா?"

மீனாம்பிகை பொத்திய கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தையும் கழற்றாமல் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "இஞ்ச வா," என்றாள் மருமகனை. "நீ கட்டினத நீயே அவு."

அவன் அவிழ்த்தான். பாரந்தூக்கி ஓட்டுகிற பெரிய விரல்களுக்கு அந்தச் சின்ன முடிச்சு லேசில் பிடிபடவில்லை. பத்துச் சதம் விழுந்து உருண்டு அவள் சப்பாத்தில் முட்டி நின்றது. அதில் ஒரு பாய்க்கப்பல். ஒரு வருடமாக விளக்கேற்றிக் கும்பிட்ட கப்பலை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பேசுங்க மாமி," என்றான் சுபாஸ்கரன். "நல்லாப் பேசுங்க. சும்மா நிக்காதிங்க."

"ஒன்னோட கதைக்கிறதுக்கு இனி எனக்கு ஒண்டும் இல்ல," என்றாள். அதையும் அவனிடம் நேரேதான் சொன்னாள்.

மஞ்சள் துண்டு வெறுமையாக ஆணியில் தொங்கியது. "கட்டுங்கோ அக்கா, திரும்பக் கட்டுங்கோ, மாதா கோவிக்கமாட்டா," என்றாள் அக்னெஸ். மீனாம்பிகை தலையாட்டவில்லை. திரும்பக் கட்டுவதென்றால் புதிதாக நேரவேண்டும். அவிழ்ந்த நேர்த்தி அவிழ்ந்ததுதான் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். கட்டாமல் கீழே வைத்தாலோ, அது தம்பி போன நாளுக்கு முன்னிருந்த வெறும் செப்புக் காசு. வைக்க ஓர் இடமில்லாமல் அவள் கையைப் பொத்தியபடியே மேசையில் போய் இருந்தாள். குளிர்ச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. பொத்திய கை அந்தச் சட்டையின் கைக்குள்ளால் வராது.

பொழுது சாய்ந்தது. அக்னெஸ் கீழே போய்விட்டாள். தக்ஷினி சோறும் மீன் சொதியும் கொண்டுவந்து தாயின் முன்னால் வைத்தாள். மீனாம்பிகை சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள், தன் வலக்கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இடக்கையால் சாப்பிடுகிறவள் அல்ல அவள்.

தக்ஷினி கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, சோற்றைப் பிசைந்து, முள் பார்த்து, ஒரு கவளம் உருட்டித் தாயின் வாயருகே பிடித்தாள். "திண்ணுங்க," என்றாள். குரலில் இன்னும் காரம் குறையவில்லை. குசினி வாசலில் சுபாஸ்கரன் அந்தப் பத்துச் சதத்தை உள்ளங்கையில் ஏந்தி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். மீனாம்பிகையின் வாய் மூடியிருந்தது. கண் மகளின் கையில் இருந்தது. சொதி அந்தக் கையின் மணிக்கட்டில் வழிந்து, முழங்கைவரைக்கும் ஒரு மஞ்சள் கோடாக இறங்கியது. தக்ஷினி கையை எடுக்கவில்லை.

என் செல்லங்களே, உங்கள் வீடுகளில் நேர்ந்தது நேர்ந்தபடி இருக்கட்டும். நீங்கள் வழிபார்த்திருக்கிற ஆள் பசியோடு வந்து கதவைத் தட்டட்டும், அந்த நேரம் பானையில் அவருக்கும் சோறு கிடக்கட்டும், அதை உருட்டிக் கொடுக்க ஒரு கை அங்கே இருக்கட்டும்.